கயிறும் தவக்குலும்

நம் வீடுகளில் அன்றாடம் புழங்கும் சொற்களில் தவக்குல் என்பதும் ஒன்று. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டாலும் தவக்குல், மகளுக்கு மாப்பிள்ளை தேடினாலும் தவக்குல், கடையில் வியாபாரம் படுத்துவிட்டாலும் தவக்குல். காரியங்களை அல்லாஹுத் தஆலாவிடம் ஒப்படைத்துவிட்டு உள்ளம் அமைதி பெறுகின்ற அந்த நிலை, ஈமானின் உயர்ந்த படித்தரங்களுள் ஒன்று என்பதில் இரண்டாவது பேச்சுக்கு இடமில்லை. ஆனால் அதே சொல் சோம்பலுக்குப் போர்வையாகவும், கவனக்குறைவுக்குச் சமாதானமாகவும் சிலருடைய நாவில் வருவதையும் நாம் காண்கிறோம். கொல்லைக் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்பாதவரும், கொடுத்த கடனை எழுதி வைக்காதவரும், பழுதான கூரையின் கீழ்ப் பிள்ளைகளைப் படுக்க வைப்பவரும், கேட்டால் எல்லாவற்றையும் அல்லாஹ் பார்த்துக் கொள்வான் என்று ஒரே வரியில் முடித்து விடுகின்றனர். இது தவக்குல்தானா? அல்லது தவக்குலின் பெயரைச் சூட்டிக் கொண்ட வேறொன்றா?

இதற்கு விடை காண, நேயர்களை வெகு தொலைவிலுள்ள ஒரு மலை ஏரியின் கரைக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறோம். நாம் கிதாபில் படிக்கும் இந்த மஸ்அலா, அந்த ஏரிக்குக் கீழே குடியிருக்கும் மக்களுக்கு ஒவ்வோர் இரவும் தலைக்கு மேல் நிற்கின்ற விஷயமாகும்.

ஓர் இரவில் பிறந்த ஏரி

மத்திய ஆசியாவில் தாஜிகிஸ்தான் என்ற நாடு உள்ளது. மக்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். அந்நாட்டின் கிழக்குப் பகுதி முழுவதும் பாமீர் மலைத் தொடர்களால் ஆனது. உலகின் கூரை என்று அதனை அழைப்பார்கள். மழை மிகக் குறைவு. குளிர் மிகக் கடுமை. மலைச் சரிவுகளில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை மரமோ செடியோ இராது. பனியாறுகள் உருகி வரும் நீரை வாய்க்கால் வெட்டிப் பாய்ச்சுகின்ற இடங்களில் மட்டும் பசுமை தென்படும். நெட்டையான மரங்களும், சர்க்கரை பாதாமி என்னும் வாதுமைப் பழத் தோட்டங்களும், சிறு சிறு தானிய வயல்களும் அங்கே காணப்படும். சுருண்டு வளைந்த பெரிய கொம்புகளையுடைய காட்டுச் செம்மறிகளும், மலையாடுகளும், அவற்றைத் தொடர்ந்து திரியும் பனிச்சிறுத்தையும் அவ்வுயரங்களில் வாழ்கின்றன. அப்பிரதேசத்தின் பெரும்பகுதியை உள்ளடக்கிய தேசியப் பூங்காவை 2013-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பாரம்பரியச் சொத்துகளின் பட்டியலில் சேர்த்தது.

இந்த மலைகளுக்கு இடையே முர்காப் என்ற ஆறு ஓடிக் கொண்டிருந்தது. 1911-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் நாள் இரவு அங்கே ஒரு பெரும் பூகம்பம் நிகழ்ந்தது. மலையின் ஒரு பகுதி அப்படியே பெயர்ந்து பள்ளத்தாக்கில் விழுந்தது. விழுந்த கல்லும் மண்ணும் ஏறத்தாழ 2 கன கிலோமீட்டர் என்று கணக்கிட்டுள்ளனர். பள்ளத்தாக்கில் இருந்த உஸோய் என்ற சிற்றூர் அதன் அடியில் புதையுண்டது. வழி மறிக்கப்பட்ட ஆறு தேங்கத் தொடங்கியது. மாதக் கணக்கில் ஏறிய நீர், மேலே இருந்த ஸரேஸ் என்ற ஊரையும் மூழ்கடித்தது. இன்று அந்த ஏரிக்கு ஸரேஸ் ஏரி என்று பெயர். அதனைத் தடுத்து நிற்கும் மலைக் குவியலுக்கு உஸோய் அணை என்று பெயர். அழிந்த இரண்டு ஊர்களின் பெயர்களும் இவ்வாறே நிலைத்திருக்கின்றன.

ஏரியின் நீர்மட்டம் கடலுக்கு மேல் சுமார் 3,200 மீட்டர் உயரத்தில் உள்ளது. நீளம் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். ஆழம் சுமார் 500 மீட்டர். அதில் தேங்கியுள்ள நீர் 1,600 கோடி கன மீட்டருக்கும் அதிகம். உஸோய் அணையின் உயரமோ 567 மீட்டர். மனிதன் கட்டிய எந்த அணையும் இன்றுவரை அந்த உயரத்தை எட்டவில்லை. அதே நாட்டில் பொறியாளர்கள் பல்லாண்டுகள் பாடுபட்டு எழுப்பிய நூரெக் அணை, உலகின் மிக உயர்ந்த அணைகளுள் ஒன்று. அதன் உயரமே 300 மீட்டர்தான். உஸோய் அணைக்கு அஸ்திவாரம் போட்டவர் எவருமில்லை. சுண்ணாம்பு குழைத்தவர் எவருமில்லை.

ஏரி நிறைந்து அணையின் மேல் வழிந்திருந்தால், அந்நீரே குவியலை அரித்து உடைத்திருக்கக் கூடும். அவ்வாறு நிகழவில்லை. 1914-ஆம் ஆண்டில் அணையின் மறுபுறத்தில் பாறைகளின் இடுக்குகளிலிருந்து ஊற்றுகள் கிளம்பின. இன்று வினாடிக்கு ஏறத்தாழ 45 கன மீட்டர் நீர் அவ்வழியே வெளியேறுகிறது. வருகின்ற நீரும் போகின்ற நீரும் பெரும்பாலும் சமமாகி விட்டதால், அணையின் தாழ்ந்த விளிம்புக்குக் கீழே சுமார் 50 மீட்டர் இடைவெளி விட்டு ஏரி நிற்கின்றது.

இதனைப் படிக்கும்போது ஸூரத்துல் பகராவில் வரும் ஓர் ஆயத்து நம் நினைவுக்கு வருகிறது. இறுகிப் போன உள்ளங்களைக் கல்லோடு ஒப்பிடும் அல்லாஹுத் தஆலா, கற்களிலும் சிலவற்றிலிருந்து ஆறுகள் பொங்குவதையும், சில பிளந்து நீர் கசிவதையும், சில அவனுடைய அச்சத்தால் கீழே விழுவதையும் அங்கே எடுத்துக் காட்டுகிறான். அந்த ஆயத்து ஸரேஸ் ஏரியைப் பற்றி முன்னறிவித்தது என்று நாம் கூற வரவில்லை. அவ்வாறு கூறுவது திருமறையைக் கையாளும் முறையுமன்று. அது உள்ளங்களைப் பற்றிப் பேசுகிறது. கல் விழுந்து, கல் பிளந்து, கல்லிலிருந்து ஆறு புறப்பட்ட இடத்தைப் பற்றிக் கேள்விப்பட்ட பிறகும் நம் உள்ளம் கல்லாகவே இருக்கலாமா என்பதே நாம் எடுத்துக் கொள்ள வேண்டிய பாடம்.

இரண்டு ஊர்கள்

அழிந்த அந்த இரண்டு ஊர்களையும் சற்று உற்று நோக்க வேண்டும். உஸோய் மக்களுக்கு எவ்வித அவகாசமும் கிடைக்கவில்லை. இரவு நேரம், வீடுகளுக்குள் இருந்தார்கள், மலை வந்து விழுந்தது. அவர்கள் செய்யக்கூடியது எதுவும் இருக்கவில்லை. இத்தகைய முஸீபத்துகளைக் கேள்விப்படும்போது, அவ்வூரார் என்ன பாவம் செய்தார்களோ என்று பேசுபவர்கள் நம்மில் உண்டு. இடிபாட்டில் சிக்கி இறந்தவரையும், நீரில் மூழ்கி இறந்தவரையும் ஷஹீத்களின் கூட்டத்தில் சேர்த்து எண்ணியிருக்கிறார்கள் நம் பெருமானார் (ஸல்) அவர்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் வந்துள்ள ஹதீஸ் இது. ஷஹீதுடைய அந்தஸ்தை நபியவர்கள் எவருக்கு அளித்தார்களோ, அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

ஸரேஸ் மக்களின் நிலை வேறு. அவர்களுக்கு நீர் படிப்படியாக வந்தது. முதலில் வயல், பிறகு தோட்டம், பிறகு வீட்டு வாசல். அவர்கள் மேட்டுக்கு ஏறிப் போனார்கள். பிறந்த மண்ணையும், முன்னோரின் கப்றுகளையும் நீருக்கு விட்டுவிட்டு உயிரைக் காத்துக் கொண்டார்கள். அவர்களுக்குத் தவக்குல் இல்லாமல் போய்விட்டது என்று எவரேனும் கூறுவார்களா? வீட்டினுள்ளேயே அமர்ந்து நீரை எதிர்பார்த்திருந்தால்தான் நாம் குறை கூறியிருப்போம்.

ஆகவே, அடியானுக்கு இரண்டு விதமான வேளைகள் உண்டு என்று தெரிகிறது. கைக்கு எட்டாத வேளை ஒன்று. அங்கே கடமை ஸப்ரு. கைக்கு எட்டும் வேளை மற்றொன்று. அங்கே கையை மடக்கிக் கொண்டு தவக்குல் என்பது, அல்லாஹ் தந்த கையையே மறுப்பதாகும்.

திர்மித் நகருக்குச் செல்லும் நீர்

உஸோய் அணையிலிருந்து கசிந்து வரும் நீர், பர்தங் என்ற ஆறாகப் பள்ளத்தாக்கின் வழியே இறங்குகிறது. அது பஞ்ச் ஆற்றில் கலக்கிறது. பஞ்ச் ஆறு வக்ஷ் என்ற ஆற்றோடு சேர்ந்து ஆமூ தர்யா ஆகிறது. இதனையே அரபு நூலாசிரியர்கள் ஜைஹூன் என்று எழுதினார்கள். அந்த ஜைஹூனின் கரையில் ஒரு பழம்பெரும் நகரம் இருக்கிறது. அதன் பெயர் திர்மித். ஹிஜ்ரி 279-இல் மறைந்த இமாம் திர்மிதீ (ரஹ்) அவர்களுக்குப் பெயர் தந்த ஊர் அதுவே.

தவக்குல் பற்றி நம் மக்களில் அனைவருக்கும் தெரிந்த ஹதீஸ், அந்த இமாமவர்களின் ஜாமிஉ என்ற கிரந்தத்தில்தான் வருகிறது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதா, அவிழ்த்து விட்டுத் தவக்குல் வைப்பதா என்று ஒருவர் வினவினார். கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அனஸ் (ரலி) அவர்கள் வழியாக வரும் இந்த ரிவாயத்தைப் பதிவு செய்த இமாமவர்கள், இது இந்த ஒரு வழியாகவே வருகின்ற கரீபான அறிவிப்பு என்பதையும் நேர்மையோடு குறிப்பிட்டு, இதே கருத்து அம்ருப்னு உமைய்யா (ரலி) அவர்கள் வாயிலாகவும் வந்துள்ளதைச் சுட்டியிருக்கிறார்கள். ஆபத்தைச் சுமந்து நிற்கும் ஏரியின் நீர், ஆபத்தில் எவ்வாறு நடந்து கொள்ள வேண்டும் என்று சொல்லும் ஹதீஸைப் பாதுகாத்துத் தந்தவரின் ஊரை நோக்கி ஓடிக் கொண்டிருக்கிறது!

அந்த ஹதீஸ் ஒன்றைக் கொண்டு மட்டும் நாம் இதனைச் சொல்லவில்லை. ஹிஜ்ரத்தைச் சிந்தித்துப் பாருங்கள். மதீனா மக்காவுக்கு வடக்கே இருக்க, பெருமானார் (ஸல்) அவர்கள் தெற்கே உள்ள தௌர் குகையை நோக்கிச் சென்றார்கள். ஒட்டகங்கள் முன்கூட்டியே தயார் செய்யப்பட்டிருந்தன. வழி தெரிந்த ஒருவர் கூலிக்கு அமர்த்தப்பட்டிருந்தார். மூன்று இரவுகள் மறைந்திருந்தார்கள். இத்தனைக்கும் பிறகு எதிரிகள் குகை வாசலுக்கே வந்துவிட்டபோதுதான், கலங்க வேண்டாம், அல்லாஹ் நம்முடன் இருக்கிறான் என்ற கருத்தில் அபூபக்ர் ஸித்தீக் (ரலி) அவர்களைத் தேற்றினார்கள். கை செய்ய வேண்டியவை அனைத்தையும் செய்து முடித்த இடத்தில் அந்தத் தவக்குல் சுடர்விட்டது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் தவக்குல் பற்றி விரிவாகப் பேசுகையில், காரணங்களை மூன்றாகப் பிரிக்கிறார்கள்: உறுதியானவை, பெரும்பாலும் நிகழக் கூடியவை, வெறும் கற்பனையானவை. உணவு முன்னே இருக்கக் கையை நீட்டாமல் இருப்பது தவக்குல் அன்று, அறிவீனம் என்கிறார்கள். சிங்கங்கள் திரியும் நிலத்திலும், வெள்ளம் பாயும் பள்ளத்திலும், சாய்ந்த சுவரின் அடியிலும் படுத்து உறங்குவது தடுக்கப்பட்டது என்றும் சொல்கிறார்கள். வெறும் கற்பனையான காரணங்களின் பின்னே அலைவதோ தவக்குலைக் கெடுக்கும் என்கிறார்கள்.

ஒரு வினா

இங்கே ஒரு வினா எழுவது இயல்பு. அப்படியானால் பர்தங் பள்ளத்தாக்கில் குடியிருப்பவர்கள் வெள்ளப் பள்ளத்தில் உறங்குபவர்கள்தாமே, அவர்கள் பாவம் செய்கிறார்களா என்று கேட்கலாம்.

இல்லை என்பதே நம் விடை. மழை கொட்டும்போது ஓடையில் பாய் விரிப்பது வேறு. என்று வரும், வருமா வராதா என்றே தெரியாத ஓர் ஆபத்தின் கீழ் முன்னோர் நிலத்தில் உழுது பிழைப்பது வேறு. அணை முழுவதும் ஒரே நேரத்தில் உடைவது நடக்க வாய்ப்பு மிகவும் குறைந்தது என்று ஆராய்ந்தவர்களில் பலர் கருதுகிறார்கள். ஏரியின் வலக் கரையில் உறுதியற்று நிற்கும் ஒரு மலைச் சரிவு நீரில் விழுந்தால், எழுகின்ற அலை அணையைத் தாண்டிக் கீழே பாயலாம் என்பதே அவர்களுடைய பெரிய கவலை. ஏழை மலைவாசிகள் வேறு எங்கே சென்று பிழைப்பார்கள்? அவர்கள் கைக்கு எட்டிய கயிறு எதுவோ, அதைக் கட்டுவதே அவர்கள் மீதுள்ள கடமை.

அந்தக் கயிற்றை அவர்கள் கட்டியும் இருக்கிறார்கள். 2000-ஆம் ஆண்டுக்குப் பிறகு உலக வங்கி முதலியவற்றின் உதவியோடு அங்கே எச்சரிக்கை ஏற்பாடு ஒன்று அமைக்கப்பட்டது. ஏரியின் நீர்மட்டத்தையும் நில அதிர்வையும் அளக்கும் கருவிகள் நிறுவப்பட்டன. ஏரிக்கரையில் ஆட்கள் தங்கிக் காவல் இருக்கிறார்கள். ஆபத்து என்றால் கீழேயுள்ள கிராமங்களுக்குச் செய்தி போகும், சங்கு ஊதும். மேட்டில் எந்த இடத்துக்கு ஏற வேண்டும் என்று மக்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டுள்ளது.

இது கத்ரை விட்டு ஓடுவதாகுமா? இதே கேள்வியை ஹழ்ரத் உமர் (ரலி) அவர்களிடம் அபூஉபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் பரவியிருப்பதை அறிந்து, ஸர்க் என்ற இடத்திலிருந்து உமர் (ரலி) அவர்கள் திரும்ப முடிவு செய்தபோது நிகழ்ந்தது இது. அல்லாஹ்வின் ஒரு கத்ரிலிருந்து அவனுடைய மற்றொரு கத்ருக்கே தாம் செல்வதாக அமீருல் முஃமினீன் அவர்கள் பதிலுரைத்தார்கள். அதற்கு அவர்கள் சொன்ன உதாரணமும் ஒரு பள்ளத்தாக்குத்தான். ஒரு பக்கம் செழிப்பும் மறுபக்கம் வறட்சியும் உள்ள பள்ளத்தாக்கில் ஒட்டகத்தை எப்பக்கம் மேய்த்தாலும் அது அல்லாஹ்வின் கத்ரைக் கொண்டே நடக்கிறது அல்லவா என்று விளக்கினார்கள். சங்கொலி கேட்டு மேட்டுக்கு ஏறுபவனும் கத்ரை மீறவில்லை. அவனுக்குக் கேட்கும் காதும், ஏறும் காலும் அமைந்ததும் கத்ரில் உள்ளவையே.

பிறர் உயிரும் நம் தவக்குலும்

இன்னொரு நுட்பமான விஷயம் உண்டு. நம்மில் பலர் தவறுவது இந்த இடத்தில்தான் என்று கருதுகிறோம்.

ஒருவர் தம் சொந்த உடைமையில், தம் சொந்த உடலில் ஏற்படும் துன்பத்தைப் பொறுத்துக் கொண்டு அல்லாஹ் போதும் என்று இருப்பாரானால், அது அவருக்கும் அவருடைய ரப்புக்கும் இடையிலுள்ள விஷயம். ஆனால் பிறருடைய உயிர் தம் பொறுப்பில் இருக்கும்போது அவ்வாறு பேசுவதற்கு அவருக்கு உரிமை கிடையாது. அது அமானத். ஸரேஸ் அணை நிலைகுலைந்தால் தாஜிகிஸ்தான் மட்டுமன்றி, ஆப்கானிஸ்தான், உஸ்பெகிஸ்தான், துர்க்மெனிஸ்தான் ஆகிய நாடுகளிலும் ஆமூ தர்யாவின் கரைகளில் வாழும் மக்கள் பாதிக்கப்படலாம் என்று சொல்லப்படுகிறது. கருவியைக் கவனிக்க வேண்டிய காவலர் ஒருவர், தவக்குல் என்று கூறி உறங்கி விட்டால் அதனை நாம் எப்படி அழைப்போம்? அவருடைய தஸ்பீஹ் மணிகளின் எண்ணிக்கை அவரைக் காப்பாற்றுமா? யூப்ரடீஸ் நதிக்கரையில் ஓர் ஆட்டுக்குட்டி மடிந்தாலும் அல்லாஹ் தம்மைக் கேட்பானோ என்று அஞ்சியதாக உமர் (ரலி) அவர்களைப் பற்றி ரிவாயத்து வந்துள்ளது. தவக்குலில் அவர்களை விட மேலானவர்கள் நம்மில் எவர் இருக்கிறோம்?

நாட்டை ஆள்வோருக்கு மட்டும் உரிய பாடமன்று இது. வீட்டுத் தலைவர் தம் வீட்டாருக்குப் பொறுப்பாளர். வீட்டுத் தலைவி தம் பிள்ளைகளுக்குப் பொறுப்பாளர். தடுப்பில்லாத மாடியில் உறங்குபவரை விட்டுப் பாதுகாப்பின் பொறுப்பு நீங்கி விடுகிறது என்ற கருத்தில் அபூதாவூதில் ஹதீஸ் வந்துள்ளது. தமக்கே அவ்வாறென்றால், தம் பிள்ளைகளைத் தடுப்பில்லாத மாடியில் விளையாட விடுபவரின் நிலை என்ன? கொடுக்கல் வாங்கலை எழுதிக் கொள்ளும்படி கட்டளையிடும் ஆயத்துத்தான் திருக்குர்ஆனிலேயே மிக நீண்ட ஆயத்து. எழுதாமல் விட்டுவிட்டு மௌத்தானவரின் பிள்ளைகள் கடன்காரரோடு வழக்காடி நிற்கிறார்கள். தந்தை தவக்குல் வைத்தார். சுமையோ பிள்ளைகளின் தலையில் விழுந்தது. கிணற்றுக்குச் சுவர், கணக்குக்கு எழுத்து, நோய்க்கு மருத்துவர், வஸிய்யத்துக்கு ஓர் ஏடு: இவையே நம் வீட்டுக் கயிறுகள்.

கயிற்றை நம்புவதும் தவறு

இதுவரை ஒரு பக்கத்தைக் கூறினோம். மறுபக்கத்தையும் கூறாவிட்டால் நாம் சொன்னது குறையுடையதாகி விடும். கயிற்றைக் கட்டிய பிறகு, கயிற்றின் மீதே நம்பிக்கை வைப்பவர்களும் இருக்கிறார்கள். மருந்தும், பணமும், படிப்பும், செல்வாக்கும் கையில் இருந்தால் போதும் என்று எண்ணுவோர் அவர்கள். கயிறு அறுந்தால் அவர்களுடைய உள்ளமும் அறுந்து விடுகிறது.

2015-ஆம் ஆண்டு டிசம்பர் 7-ஆம் நாள், 7.2 ரிக்டர் அளவில் ஒரு பூகம்பம் ஸரேஸ் ஏரிப் பகுதியையே உலுக்கியது. மலைக் கிராமங்களில் நூற்றுக்கணக்கான வீடுகள் சேதமாயின. உயிர்ச் சேதமும் ஏற்பட்டது. உஸோய் அணையோ அசையாமல் நின்றது. அதனை நிறுத்தி வைத்தது எந்தக் கருவி? கருவிகள் அதிர்வை அளந்தன, அணையைத் தாங்கவில்லை. சங்கு மனிதனை எழுப்பும்; நீரைத் தடுக்காது. நூறாண்டுகளுக்கும் மேலாக, எவரும் கட்டாத அந்தக் குவியலை அதன் இடத்தில் நிறுத்தி வைத்திருப்பவன் எவனோ, அவன் மீதே உள்ளம் சாய வேண்டும். தவக்குலின் இருப்பிடம் உள்ளம் என்றும், உறுப்புகளின் உழைப்பு அதற்கு முரணாகாது என்றும் இமாம் குஷைரீ (ரஹ்) போன்ற பெரியோர்கள் கூறியிருப்பதன் பொருள் இதுவே. கை கயிற்றில் இருக்கட்டும். கல்பு கயிற்றில் இருக்க வேண்டாம்.

பர்தங் பள்ளத்தாக்கின் ஒரு தாய், இரவில் தன் குழந்தைகளைப் படுக்க வைக்கிறாள் என்று வைத்துக் கொள்வோம். சங்கு ஊதினால் எந்த வழியே ஏற வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். கம்பளியையும் காலணியையும் கைக்கு எட்டும் இடத்தில் வைத்திருக்கிறாள். அதன் பிறகு பிஸ்மில்லாஹ் சொல்லி விளக்கை அணைத்து உறங்குகிறாள். தலைக்கு மேலே 1,600 கோடி கன மீட்டர் நீர் நிற்பது அவளுக்குத் தெரியாததன்று. தெரிந்துதான் உறங்குகிறாள். கவலையால் விழித்திருந்தால் அவளால் மறுநாள் வாழ முடியாது. கவனமின்றி இருந்தால் அந்த ஒரு நாளில் பிழைக்க முடியாது. ஏற்பாடு செய்த கையும், ஒப்படைத்த உள்ளமும் ஒருங்கே அமைந்த அந்த உறக்கத்தைத் தவக்குல் என்று சொன்னால் பொருந்தும்.

நம் தலைக்கு மேலும் கண்ணுக்குத் தெரியாத ஏரிகள் பல நிற்கின்றன. நோயும், வறுமையும், மௌத்தும் எப்போது இறங்கி வரும் என்பதை நாம் அறியோம். இன்றிரவு உறங்கப் போகுமுன், கட்ட வேண்டிய கயிறு எதுவும் கட்டப்படாமல் கிடக்கிறதா என்று ஒருமுறை வீட்டைச் சுற்றிப் பார்ப்போமாக. கட்டிய பின் கயிற்றை மறந்து, காக்கும் நாயனிடம் நம்மை ஒப்படைப்போமாக.

எல்லாம் வல்ல அல்லாஹ், செய்ய வேண்டியதைச் செய்யும் கைகளையும், அவனையே சார்ந்திருக்கும் உள்ளங்களையும் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! அந்த மலைப் பள்ளத்தாக்கில் வாழும் மக்களையும், நம் வீடுகளையும் அவனுடைய பாதுகாப்பில் வைத்தருள்வானாக! ஆமீன்.